போட்டியை நிறுத்த ஒரு ஆள்: குரங்கணி, 2018

இந்த எபிசோடுல ரெண்டு மலை வரும். ஒண்ணு தென் கொரியாவுல இருக்கு. இன்னொண்ணு நம்ம போடிநாயக்கனூருக்கு மேல இருக்கிற குரங்கணி. சம்பந்தமே இல்லையேன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக். அன்றைக்கு ஆண்களுக்கான டவுன்ஹில் பனிச்சறுக்குப் போட்டி நடக்க வேண்டும். மலை உச்சியில் கிளம்பி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கீழே வருகிற போட்டி அது. நாலு வருஷமா அந்த ஒரு நாளுக்காகத் தயாரான ஆட்கள், உலகம் முழுக்க டிவி நேரலை, எல்லாம் ரெடி. ஆனால் மேலே காற்று பலமாக அடித்தது. போட்டி தள்ளிவைக்கப்பட்டது. நாலு நாள் கழித்து, 15-ஆம் தேதி நடந்தது. நார்வேயின் ஆக்சல் லுண்ட் ஸ்விண்டால் தங்கம் வாங்கினார். 12-ஆம் தேதி நடக்க வேண்டிய பெண்களுக்கான ஜெயன்ட் ஸ்லாலமும் இதே காற்றால் 15-க்குத்தான் போனது.

(நம்ம ஊர் செய்தியும் ஒண்ணு இருக்கு. அதே 11-ஆம் தேதிதான் லூஜ் வீரர் ஷிவ கேசவன் தன்னோட ஆறாவது, கடைசி ஒலிம்பிக்கை முடிச்சார். அவரோட ஓட்டம் பனிக்கட்டித் தடத்துல. அதனால இந்தக் காற்றுக் கதையில அவர் மாட்டல.)

ஆனால் அதே பியோங்சாங்கில், அதே வாரத்தில், ஒரு போட்டியை நிறுத்தவில்லை. பெண்களுக்கான ஸ்னோபோர்டு ஸ்லோப்ஸ்டைல். தகுதிச் சுற்றைக் காற்றுக்காக ரத்து செய்தார்கள். மறுநாள் காற்று முழுசாக அடங்காத நிலையிலேயே இறுதிச் சுற்றை நடத்தினார்கள். சுமார் 50 ஓட்டங்களில் 41, விழுந்தோ பாதியில் விட்டோ முடிந்தன. நடத்தியிருக்கவே கூடாது என்று வீராங்கனைகளே வெளிப்படையாகச் சொன்னார்கள். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

இந்த விளையாட்டைப் பற்றிப் படிக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது பதக்கக் கதை எதுவும் இல்லை. ரத்து செய்வதற்கென்று அவர்கள் வைத்திருக்கிற ஏற்பாடுதான். பெரிய பனிச்சறுக்குப் போட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜூரி உண்டு. சர்வதேசக் கூட்டமைப்பு அனுப்புகிற டெக்னிக்கல் டெலிகேட் அதில் ஒருவர். காலையில் தடத்தைப் பார்க்கிறார்கள், காற்றைப் பார்க்கிறார்கள், வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம், தடத்தைச் சுருக்கலாம், மொத்தமாக நிறுத்தலாம். ஸ்பான்சருக்குப் பிடிக்காது, டிவிக்காரனுக்குப் பிடிக்காது, விமானம் ஏறி வந்த அணிக்கும் பிடிக்காது. ஆனாலும் அவர்கள் சொன்னால் சொன்னதுதான்.

இதற்கு உச்சகட்டம் சுவிட்சர்லாந்தின் செர்மாட். அங்கே கிளம்பி இத்தாலியின் செர்வீனியாவில் முடிகிற மாதிரி, ரெண்டு நாட்டைக் கடக்கிற ஒரு உலகக் கோப்பைப் போட்டியைப் பெரிய விளம்பரத்தோடு திட்டமிட்டார்கள். 2022-ல் நாலு ஓட்டம். பனி போதாது என்று நாலும் ரத்து. 2023-ல் மறுபடி நாலு. இந்த முறை பனி அளவுக்கு மேல் கொட்டியது, காற்றும் சேர்ந்துகொண்டது, நாலும் ரத்து. எட்டுக்கு எட்டு! வெளிநாட்டில் இருந்து மூட்டை முடிச்சோடு வந்த அணிகள் ஹோட்டல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பின. அடுத்த சீசனில் அந்தப் போட்டியே அட்டவணையில் இல்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த எட்டு ஓட்டத்திலும் யாரும் சாகவில்லை. நம்ம நாட்டிலும் 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி இல்லாமல் தள்ளிப்போய், மார்ச்சில் நடந்தன.

சரி, இப்போ நம்ம மலைக்கு வருவோம். பியோங்சாங்கில் காற்றுக்காக டவுன்ஹில்லை நிறுத்தி சரியாக ஒரு மாசம். 2018 மார்ச் 11. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. தேதி பொருந்தியது தற்செயல்தான், அதில் அர்த்தம் தேட வேண்டாம்.

குரங்கணி என்றாலே நிறைய பேருக்கு அந்த ஒரு நாள்தான் தெரியும். அது அந்த ஊருக்குச் செய்கிற அநியாயம். போடியில் இருந்து மேற்கே போனால் மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். மேலே டாப் ஸ்டேஷன். அந்தப் பெயர் ஏன் 'ஸ்டேஷன்' என்று யோசித்திருக்கிறீர்களா? அது நிஜமாகவே ஸ்டேஷன். மூணாறு பக்கம் தோட்டங்கள் வந்த காலத்தில் தேயிலையைக் கீழே இறக்க வழி வேண்டியிருந்தது. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில், மாடு இழுக்கிற ஒரு ரயில் போட்டார்கள். 1908-ல் அதையே சின்ன ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு, நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக, கொட்டகுடிக்கு இறங்கும். அதற்கப்புறம் வண்டியில் போடி. கடைசியில் தூத்துக்குடி துறைமுகம், கப்பல், லண்டன். 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை.

ரயில் போனது, பெயர் மட்டும் நின்றது. மலைமேல் இருக்கிறவர்கள் ஏறி இறங்குகிற காட்டுவழியும் நின்றது. சாமான் தூக்கிக்கொண்டு கழுதை, குதிரை போகிற வழி. பிறகு நாம வந்தோம், முதுகில் பேக்கோடு. டாப் ஸ்டேஷன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 7,000 அடிக்கு மேல் இருக்கிற கொழுக்குமலை. தேனி மாவட்டத்து எல்லைக்குள் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளா பக்கம் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். குரங்கணியில் இருந்தென்றால் நடைதான். வார இறுதி ட்ரெக்குக்கு இதைவிட அழகான வழி கிடைக்காது. வெள்ளி ராத்திரி சென்னையில் பஸ், ஞாயிறு ராத்திரி திரும்பும் பஸ், திங்கள் காலை ஆபீஸ்.

அந்த வாரம் ரெண்டு குழு. ஒன்று சென்னையில் இருந்து. பெரும்பாலும் பெண்கள், பலர் ஐடி வேலையில் இருந்தவர்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து. மொத்தம் முப்பத்தைந்து பேருக்கு மேல். சனிக்கிழமை ஏறிப்போய் கொழுக்குமலையில் தங்கினார்கள். ஞாயிறு இறங்கி வரும்போது, ஒத்தமரம் என்கிற இடத்துக்குப் பக்கத்தில் தீ சூழ்ந்துகொண்டது.

காட்டுத்தீ பற்றி ஒரு விஷயம் புரிந்துகொண்டால்தான் அன்றைக்கு நடந்தது புரியும். சமதளத்தில் ஓடுகிற தீயும் சரிவில் ஏறுகிற தீயும் ஒன்றில்லை. சரிவில் தீயின் நாக்கு மேலே இருக்கிற புல்லைத் தொட்டபடி சாய்கிறது. அந்தப் புல், தீ வந்து சேருவதற்கு முன்னாடியே சூடாகி, காய்ந்து, பற்றத் தயாராக நிற்கிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது தீயணைப்பு வட்டாரத்தில் ஒரு தோராயக் கணக்கு. இருபது டிகிரி என்றால் நாலு மடங்கு. கூடவே பகல் வெயிலில் மலைச்சரிவு சூடாகும்போது காற்றும் கீழே இருந்து மேலே வீசும். மார்ச் மாதம், ஆளை மறைக்கிற காய்ந்த புல், செங்குத்துச் சரிவு. இதில் மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. சிலர் மேலே ஓடினார்கள், சிலர் பாறைப் பக்கம் ஒதுங்கினார்கள், சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

முதலில் போய்ச் சேர்ந்தது குரங்கணி, கொட்டகுடி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். கம்பளி, போர்வை, கம்பு. கிடைத்ததில் டோலி கட்டி இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். விமானப்படையின் கருட் கமாண்டோக்களும் ஹெலிகாப்டர்களும் வந்தன. அன்றைக்கு அந்த இடத்திலேயே இறந்தவர்கள் ஒன்பது பேர். அதற்கப்புறம் மதுரை ஆஸ்பத்திரியிலும் மற்ற இடங்களிலும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஒவ்வொருவராக. மொத்தம் 20-க்கும் மேற்பட்டவர்கள். நம்ம வயசு ஆட்கள். ஒரு சிலர் கல்யாணமாகிச் சில மாதம்கூட ஆகாதவர்கள்.

அடுத்த நாளே சண்டை தொடங்கியது. அனுமதி இல்லாத பாதையில் போனார்கள் என்றது அரசுத் தரப்பு. செக்போஸ்ட்டில் டிக்கெட் வாங்கித்தானே போனார்கள் என்றது எதிர்த் தரப்பு. டாப் ஸ்டேஷனுக்கு வாங்கிய அனுமதியில் கொழுக்குமலைக்குப் போகலாமா என்பது இன்னொரு வாதம். ஒரு வனச்சரகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ட்ரெக் ஏற்பாடு செய்தவர்கள் மேல் வழக்கு. ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அரசு நியமித்தது.

எனக்கு இந்த அனுமதி விவாதம் பாதிதான் முக்கியமாகத் தெரிகிறது. சரி, எல்லா அனுமதியும் பக்காவாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். கையெழுத்து, ரசீது, முத்திரை எல்லாம். அந்தக் காகிதம் தீயை நிறுத்தியிருக்குமா? சனிக்கிழமை காலை குரங்கணியில் நின்று, காற்றைப் பார்த்து, புல்லைப் பார்த்து, "இந்த வாரம் வேண்டாம், திரும்பிப் போங்க" என்று சொல்வது யாருடைய வேலை? செக்போஸ்ட் ஊழியருக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை. ஏற்பாட்டாளருக்கு முப்பது பேரைக் கூட்டிவந்த பொறுப்பு. பஸ் டிக்கெட் போட்டாச்சு, லீவு சொல்லியாச்சு. உள்ளூர் வழிகாட்டிக்கு அன்றைய கூலி. ஊர்க்காரருக்கு மலை தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. என் தொழிலில் இதற்கு ஒரு பரிச்சயமான வடிவம் உண்டு: அலர்ட் அடிக்கும், டாஷ்போர்டு சிவக்கும், ஆனால் ஆன்-கால் யாருன்னு பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காலம் என்பது ரகசியம் இல்லை. அது தெரிந்தவர் நிறைய. நிறுத்தும் அதிகாரத்தோடு வாசலில் நின்றவர்தான் இல்லை.

இது நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்காதீங்க. 2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். பலத்த காற்று வரும் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. போட்டியை நிறுத்தவில்லை. நடுவில் ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கிற காற்றும் வந்தன. பலர் மேல் அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும்தான். 21 பேர் இறந்தார்கள், அதில் நாட்டிலேயே பெயர்பெற்ற ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் ஒருவர். குகை ஒன்றில் ஒதுங்கியிருந்த ஒரு ஆட்டிடையர் ஆறு பேரைக் காப்பாற்றினார். குரங்கணியில் போர்வையோடு ஏறியவர்களைத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ரெண்டு இடத்திலும் அதிகாரம் போய்ச் சேருவதற்கு முன்னாடி உள்ளூர்க்காரர் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

குரங்கணிக்குப் பிறகு என்ன மாறியது? அதே 2018-ல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. அதுவரை அப்படி ஒன்று தனியாக இல்லை. பல வருஷம் பெரும்பாலான பாதைகள் மூடியே கிடந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. அதில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் உண்டு. நாலே மாதத்தில், 2025 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக்காலம் என்று சொல்லி மொத்தமாக மூடினார்கள். "இப்பதானே திறந்தாங்க, அதுக்குள்ளயா?"ன்னு ட்ரெக் குரூப்கள்ல நிறைய புலம்பல். நானும் ஒரு தேதி பார்த்து வைத்திருந்தேன்.

மார்ச் 11 அந்தத் தேதிகளுக்கு நடுவில்தான் வருகிறது.

தேதி போட்டு மூடுவது சுலபமான பகுதி. மழை பொய்த்த ஜனவரியிலோ, காற்று திடீரென்று திரும்புகிற ஒரு மதியத்திலோ காலண்டர் உதவாது. அங்கே ஒரு ஆள் வேண்டும். இந்தத் திட்டத்தில் பாதைகளுக்கு வழிகாட்டிகளாக அந்தந்த மலையடிவாரத்து இளைஞர்களையும் பழங்குடியினரையும் எடுத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பாதி வழியில் நின்று, காசு கட்டி, சென்னையில் இருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த பத்துப் பேரிடம் "அண்ணா, அக்கா, இதுக்கு மேல போக வேண்டாம், இறங்கிடலாம்" என்று சொன்னால், அன்றைய கூலி அவருக்கு முழுசாகக் கிடைக்குமா? அடுத்த முறை நீங்கள் புக் பண்ணும்போது அவரிடமே கேட்டுப் பாருங்கள்.