மூன்றாவது கிழமையில் நின்றுவிடும் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓஎல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் நேரம் எடுத்து வாசியுங்கள்.

ஓஎல் சோதனை முடிந்ததும் கண்டி டவுனிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் நிறையப் பிள்ளைகள் கொம்பியூட்டர் கிளாஸ்களில் சேர்கிறார்கள். ஜாவா அல்லது பைதன் பழகத் தொடங்குகிறார்கள். முதல் இரண்டு கிழமை நல்ல உற்சாகம். பெயரைக் கேட்டு ஸலாம் சொல்லும் சின்னச் செய்நிரல் ஒன்றை எழுதி வீட்டில் எல்லோருக்கும் காட்டுவார்கள். பிறகு "கிளாஸ்", "ஒப்ஜெக்ட்" என்ற பாடம் வரும். மூன்றாவது கிழமை பிள்ளை போகாது. கேட்டால், "எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்ல" என்று பதில் வரும். "தமிழ் மீடியப் பிள்ளைக்கு இது சரிவராது" என்று வீட்டிலும் முடிவு செய்துவிடுவோம்.

இந்த முடிவு சரியா என்று பார்க்க, அந்த ஒப்ஜெக்ட் பாடம் எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1960களில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில், நோர்வே கணினி நிலையத்தில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட். துறைமுகம், தொழிற்சாலை, வாகன வரிசை போன்ற உண்மையான விஷயங்களைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கு ஒரு மொழி உருவாக்குவதுதான் அவர்களின் வேலை. அதற்குச் சிமியூலா என்று பெயர்.

அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த உதாரணங்களில் ஒன்று, சுங்கம் அறவிடும் ஒரு பாலத்தில் நிற்கும் வாகன வரிசை. வரிசையில் லொறியும் இருக்கும், பஸ்ஸும் இருக்கும். இரண்டும் வேறு வேறு. ஆனால் வரிசையில் நிற்பது, முன்னால் நகர்வது என்ற விஷயத்தில் இரண்டும் ஒன்று. அப்படியானால் "வாகனம்" என்று பொதுவான ஒன்றை ஒரு தடவை எழுதிவிட்டு, லொறிக்கு உரியதையும் பஸ்ஸுக்கு உரியதையும் அதன் மேல் சேர்த்துக்கொள்ளலாம். இன்று பாடத்தில் "மரபுரிமை" என்று வருவது இதுதான். 1967இல் வெளிவந்த சிமியூலா 67 மொழியில் கிளாஸும் ஒப்ஜெக்டும் மரபுரிமையும் ஒன்றாக இருந்தன.

காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்று பாருங்கள். அதே பாடம் உங்கள் கண்முன்னால் வரிசையாக நிற்கும். பஸ் என்றால் என்ன என்ற பொதுவான மாதிரி கிளாஸ். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு ஒப்ஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று பாதை இலக்கம், தனக்கென்று பயணிகள்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நடந்தது. சிமியூலாவைப் படித்த அலன் கே என்ற இளைஞர், 1968இல் சீமோர் பப்பேர்ட் என்பவர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கணினி பழக்குவதைப் போய்ப் பார்த்தார். அது அவர் மனதை மாற்றியது. கணினி பிள்ளைகளின் கையில் புத்தகம் போல இருக்க வேண்டும் என்று நினைத்தார். கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் 1972இல் அவரது குழு ஸ்மோல்டோக் என்ற மொழியை உருவாக்கியது. அதன் முதல் மாணவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அடெல் கோல்ட்பேர்க் என்ற பெண் ஆய்வாளர் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் அமைத்தார். திரையில் ஒரு பெட்டி. அதற்கு ஜோ என்று பெயர். ஜோ, திரும்பு என்றால் திரும்பும். ஜோ, பெரிதாகு என்றால் பெரிதாகும். பிறகு ஜில் என்று இன்னொரு பெட்டி. ஜோவுக்குச் சொன்னது ஜில்லைப் பாதிக்காது. கிளாஸ், ஒப்ஜெக்ட் என்ற சொற்களை மனனம் செய்யாமலேயே பிள்ளைகளுக்கு விஷயம் விளங்கியது. 12 வயது மாணவி ஒருத்தி படம் வரையும் செய்நிரல் ஒன்றையே எழுதினாள்.

இனித்தான் முக்கியமான பகுதி.

பிள்ளைகளிடம் கிடைத்த வெற்றியைப் பார்த்து, புரோகிராமிங் தெரியாத பெரியவர்களுக்கும் பழக்கினார்கள். அதே ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர்கள், படித்தவர்கள். ஆரம்பப் பாடங்களைப் பிள்ளைகளை விட வேகமாக முடித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரே யோசனை சொன்ன ஒரு சிறு வேலையில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். பெயர், முகவரி அட்டைகளை வைத்துத் தேடியெடுப்பது போன்ற ஒரு செய்நிரல். அலன் கே செய்து காட்டிய பிறகும் அவர்களால் தனியாகச் செய்ய முடியவில்லை.

அவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். அந்தச் சின்னச் செய்நிரலுக்குள், பார்த்தவுடன் தெரியாத 17 யோசனைகள் ஒளிந்திருந்தன. அவற்றில் சில கட்டடக் கலையில் வளைவு போன்றவை, முன்பே தெரியாதவர் தானாகக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம் என்று பின்னர் எழுதினார்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லை வளைவாக அடுக்கினால் அதுவே பாரத்தைத் தாங்கும் என்று ஒருவர் காட்டித் தந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். காட்டாமல் கல்லை மட்டும் கொடுத்துக் கட்டச் சொன்னால் பெரியவருக்கும் முடியாது.

எமது பிள்ளைகள் மூன்றாவது கிழமையில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். மொழியை உருவாக்கியவர்களின் பக்கத்து அறையில் இருந்தவர்களே அதில் முட்டினார்கள். அப்படியிருக்க, அதை மூளைக் குறைவு என்றோ தமிழ் மீடியத்தின் குறை என்றோ எப்படிச் சொல்வது?

பின்னர் 1991இல் கீடோ வன் ரொஸ்ஸம் பைதனை வெளியிட்டார். 1995இல் சன் நிறுவனத்திலிருந்து ஜேம்ஸ் கோஸ்லிங்கின் ஜாவா வந்தது. இரண்டும் பெரிய வேலைகளுக்கும் பயன்படும் மொழிகள். ஜாவாவில் திரையில் ஒரு வரி காட்டவே "பப்ளிக்", "ஸ்டெட்டிக்", "வொய்ட்" என்று நீண்ட காலமாக எழுத வேண்டியிருந்தது. "இப்போது அப்படியே எழுதுங்கள், பிறகு விளங்கும்" என்று சொல்லப்பட்டது. இந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் 1999இல் மைக்கேல் கோலிங் முதலான ஆசிரியர்கள் புளூஜே என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார்கள். அதில் ஒப்ஜெக்டைத் திரையில் பெட்டியாகவே பார்க்கலாம், தொட்டு வேலை வாங்கலாம். ஜோ பெட்டியின் அதே வழி.

எமது நாட்டிலும் கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. பேராசிரியர் வீ.கே. சமரநாயக்கவின் காலத்தில், 2000ஆம் ஆண்டில், கொழும்புப் பல்கலைக்கழகம் பிஐடி வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. ஏஎல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் இருக்கிறது, அதைத் தமிழிலேயே படித்து எழுதலாம். குறைவது, ஒளிந்திருக்கும் யோசனைகளைத் தமிழில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் வேலைதான்.

கண்டிக்கு இது புதிய வேலையுமல்ல. இங்கே பிறந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள், புதிய கல்வியைக் கண்டு எமது சமூகம் ஒதுங்கியிருந்த காலத்தில், 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார்கள். 1891இல் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையும் திறந்தார்கள். மக்களுக்கு விளங்கும் மொழியில் விஷயத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதே அவர்கள் எடுத்த வழி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பைதனில் "செல்ஃப்" என்ற சொல் வந்ததும் பிள்ளைகள் குழம்புவார்கள். பாலத்தடிக்குத் திரும்பப் போங்கள். நூறு பஸ்ஸுக்கும் மாதிரி ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பஸ்ஸும் "என்னுடைய பாதை இலக்கம்" என்று சொல்ல வேண்டுமே? அந்த "என்னுடைய" தான் செல்ஃப். 17 யோசனைகளில் ஒன்று போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை மூன்றாவது கிழமை சோர்ந்து வந்தால் "விட்டுவிடு" என்று சொல்லாதீர்கள். "எந்த இடத்தில் விளங்கவில்லை?" என்று கேட்டு, அதைக் கொப்பியில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியோடு ஆசிரியரிடம் அனுப்புங்கள். மூன்று மாதத்தில் சான்றிதழ் என்ற அவசரமும் வேண்டாம். எழுதப் படிக்கப் பழகவே எமக்கு வருடங்கள் எடுத்தன.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு விளக்கம் சேர்ப்போம்.