ராயப்பேட்டைச் சொற்பொழிவுகள்

நூலகம், சொற்பொழிவு என்றாலே கன்னிமாராவிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறார்கள். மேல்மலையனூர்ப் பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்றது வேற கணக்கு.

1898இல் அடையாறு பிரம்மஞான சபையின் ஆல்காட்டோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசர், ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். மகாபோதி சங்கத்தை நடத்திய மீனவர் குடும்பத்துச் சிங்காரவேலர் அங்கே வந்து பேசினார்; பேராசிரியர் லட்சுமி நரசுவும் பேசினார். ஒத்த கருத்துக்காரர்கள் என்று நினைச்சுடக் கூடாது. அவர்களுக்குப் பௌத்தம் பகுத்தறிவு. பண்டிதருக்கோ பறிபோன பூர்வ மார்க்கம். ஆனாலும் மேடை கொடுத்தார். எனக்கு அதுதான் பெரிசு.

1907இல் வந்த நரசுவின் பௌத்த நூலை 1948இல் அம்பேத்கர் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததே அந்த வருஷம்தான். பண்டிதரின் எழுத்துகளோ ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல்தான் நம்ம கைக்கு வந்தன.