சாளரக் கட்டுப்பாட்டுப் பொத்தான்கள்

கணினித் திரையில் விரியும் சாளரத்தைச் சுருக்கவும், பெரிதாக்கவும், மூடவும் அதன் தலைப்புப் பட்டையில் உள்ள பொத்தான்கள். எல்லா மென்பொருளிலும் இவை ஒரே பக்கம், ஒரே வரிசையில் இருந்தால் கண் தேடுமுன் கை அங்கே போய்விடும்.

1984இல் வந்த மெக்கின்டாஷ் மூடும் பெட்டியை இடப்பக்கம் வைத்தது. 1990இல் விண்டோஸ் 3.0இலும் இட மூலைப் பெட்டியை இருமுறை சொடுக்கித்தான் சாளரத்தை மூட வேண்டும். சுருக்கவும் பெரிதாக்கவும் வலப்பக்கம் அம்புகள் இருந்தன. 1995இல் விண்டோஸ் 95 பெருக்கல் குறியிட்ட மூடும் பொத்தானை அந்த அம்புகள் இருந்த பக்கத்துக்கே கொண்டுவந்தது. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தது வசதிதான். ஆனால் பெரிதாக்கப் போன கை சற்று விலகினால் சாளரமே மூடிக்கொள்ளும். 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொத்தான்களை இடப்பக்கம் அடுக்க, உலகம் இரண்டு பக்கமாகப் பிரிந்தது.

லினக்ஸில் இந்தப் பிரிவு உள்ளேயே நடந்தது. விண்டோஸைப் போல வலப்பக்கம் இருந்த பொத்தான்களை 2010 ஏப்ரலில் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் 10.04 பதிப்பு இடப்பக்கம் மாற்றியது. பயனர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2017 அக்டோபரில் 17.10 பதிப்பில் அவை வலப்பக்கம் திரும்பின. இதற்கிடையே, 2011இல் லினக்ஸ் பணிமேடைச் சூழலான க்னோம் 3 சுருக்கும், பெரிதாக்கும் பொத்தான்களை இயல்பாகக் காட்டுவதையே நிறுத்திவிட்டது.

இந்தக் குழப்பம் தமிழ்நாட்டை நேராகத் தொட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே கிடைத்தது. பிறகு பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸையும் உபுண்டுவையும் அடுத்தடுத்துக் கற்பித்தது. கோவை, ஈரோடு, திருப்பூர் அரசுப் பள்ளிகளில் வீட்டின் முதல் கணினியைத் தொட்ட பிள்ளைகளுக்கு, மூடும் பொத்தான் எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயமன்று.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் நடந்தபோதே தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடு) எழுத்துக் குறியாக்கத் தரமாக ஏற்றது. எழுத்துருக்கேற்ப எழுத்து சிதையும் சிக்கலுக்கு அது ஒரு பொதுத் தரத்தைத் தந்தது. சாளரப் பொத்தான்களுக்கு அப்படி யாரும் விதி வகுத்து நிலைநாட்டவில்லை. 1987இல் ஐபிஎம் வெளியிட்ட ‘காமன் யூசர் அக்சஸ்’ விதிகளே அந்த வகையில் பெருமுயற்சி. அவையும் எல்லா நிறுவனங்களையும் கட்டவில்லை.

இன்று பல செயலிகள் தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்வதால், ஒரே திரையில்கூடப் பொத்தான்களின் வடிவமும் இடைவெளியும் மாறுகின்றன. லினக்ஸின் இன்னொரு பணிமேடைச் சூழலான கேடிஇயின் பயனர் அமைப்புகளிலேயே பொத்தான்களை விரும்பிய பக்கம் இழுத்து வைக்கலாம். க்னோமில் இதற்கு ‘ட்வீக்ஸ்’ என்ற செயலியைத் தனியே நிறுவுவது வழக்கம்.