மின்காந்தக் கதிர்ப்பும் கவசங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அன்றாடப் பாவனைப் பொருள்களிலிருந்து வெளிப்படும் மின்காந்தக் கதிர்ப்பைத் தடுப்பன என்று கூறப்படும் கவசங்கள் பல. நுண்ணலை அடுப்பின் கதவிலுள்ள துளையிட்ட உலோகத் தகடும், கையடக்கத் தொலைபேசியில் ஒட்டப்படும் சிறு வில்லையும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. ஆயின் முன்னதற்கு அளவீட்டுச் சான்று உண்டு. பின்னதற்கு அஃது இல்லை. இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கவசம் பற்றிய சிந்தனை 1836 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே நிகழ்த்திய பரிசோதனையால் உறுதிபெற்றது. இலண்டன் றோயல் நிறுவனத்தில் பன்னிரண்டு அடிப் பக்கங்கொண்ட பெரிய கூடொன்றை அமைத்து, அதனைக் கடத்தியால் மூடி, வெளிப்புறத்துக்கு வலுவான மின்னேற்றத்தை அளித்தார். தாமே உட்சென்று மின்காட்டிகளைக் கொண்டு சோதித்தபோது அங்கு மின்விளைவு எதனையும் அவர் காணவில்லை. இது நிலைமின் பற்றிய முடிவாகும். அலைகளைப் பொறுத்தவரை, 1888 ஆம் ஆண்டளவில் கைன்றிக் கேட்சு நிகழ்த்திய பரிசோதனைகள் வழிகாட்டின. உலோகத் தகடு மின்னலைகளைத் தெறிக்கச் செய்யும் என்பதையும், சமாந்தரக் கம்பிகளாலான சட்டம் அதன் திசைக்கேற்ப அலைகளைத் தடுக்கவோ செல்லவிடவோ செய்யும் என்பதையும் அவர் காட்டினார்.

இவ்வறிவு வீட்டினுள் புகுந்தமைக்கு நுண்ணலை அடுப்பே சிறந்த சான்று. பேர்சி இசுப்பென்சர் 1945 இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 2450 மெகாஏட்சு மீடிறனில் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் ஆகும். கதவிலுள்ள துளைகளோ ஓரிரு மில்லிமீற்றர் அளவினவே. ஆகவே ஒளி அவற்றினூடாகச் செல்ல, நுண்ணலை பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடுகின்றது.

எனினும் கொள்கை மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதை மற்றொரு நிகழ்ச்சி உணர்த்தியது. 1967 இல் ஐக்கிய அமெரிக்காவில் செனரல் இலெக்றிக் நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் சில, விரும்பத்தகாத அளவில் எக்சுக் கதிர்களை வெளிவிடுவது தெரியவந்தது. இதனால் எழுந்த கவலை, 1968 ஆம் ஆண்டின் கதிர்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறக்கத் துணைபுரிந்தது. அச்சட்டத்தின் கீழ் 1971 இல் நுண்ணலை அடுப்புகளுக்கான நியமம் நடைமுறைக்கு வந்தது. அடுப்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில், விற்பனைக்கு முன் சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிவாற்றும், அதன்பின் ஆயுட்காலம் முழுவதும் 5 மில்லிவாற்றுமே கசிவின் உச்ச எல்லை என விதிக்கப்பட்டது. கதவு திறந்ததும் அலைகளின் உற்பத்தியை நிறுத்தும் பூட்டமைப்புகளும் கட்டாயமாயின. ஈண்டுக் கவனிக்கத்தக்கது யாதெனில், சோதிக்கப்பட்டது உலோகத் துண்டன்று; இயங்கும் அடுப்பு முழுவதுமே.

கையடக்கத் தொலைபேசி பரவியபோது இந்நெறி கைவிடப்பட்டது. பரடே கண்ட உண்மையையே ஆதாரமாகக் காட்டிச் சிறு வில்லைகள் விற்கப்பட்டன. 2002 இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு, இத்தகைய பொருள்களை விற்ற இரு நிறுவனங்கள்மீது பொய்யான கூற்றுகளுக்காக நடவடிக்கை எடுத்தது. ஆணைக்குழு கூறிய காரணம் எளியது: அலைகள் தொலைபேசி முழுவதிலிருந்தும் வெளிப்படுகையில், செவிப்பகுதியை மட்டும் மறைப்பதால் பயனில்லை. மேலும், சமிக்ஞை தடைப்படுமாயின், தொடர்பைப் பேணும் பொருட்டுத் தொலைபேசி தன் வலுவைக் கூட்டவுங்கூடும். அப்போது கவசமே கதிர்ப்பு மிகுவதற்குக் காரணமாகலாம்.

அடுப்பின் தொழில் அலைகளை உள்ளே அடக்குவது. தொலைபேசியின் தொழில் அவற்றை வெளியே அனுப்புவது. முழுமையாக மூடினால் பேச இயலாது; பேச இயலுமாயின் அது முழுமையாக மூடப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறந்தமையே மயக்கத்துக்கு மூலமாகும்.

இதனோடு தொடர்புடைய பிறிதொரு வினாவையும் பிரித்தறிதல் வேண்டும். 2011 இல் சருவதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், வானொலி மீடிறன் புலங்களை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என, மட்டுப்படுத்தப்பட்ட சான்றின் அடிப்படையில் வகைப்படுத்தியது. இது கதிர்ப்பின் தீங்கு பற்றிய கூற்றேயன்றி, எந்தக் கவசத்தின் பயனையும் நிறுவுவதன்று. ஐயமுள்ளோர் தொலைபேசியை உடலிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தலும், ஒலிபெருக்கி வழியே பேசுதலும் கதிர்ப்பைக் குறைக்கும், இவற்றுக்குச் செலவுமில்லை.

எனவே கவசமென ஒரு பொருள் நம்முன் வைக்கப்படும்போது, அதன் பின்னுள்ள விதி உண்மையா என வினவுவதோடு அமைதல் தகாது. அப்பொருள் பொருத்தப்பட்ட கருவி, இயங்கும் நிலையில் அளக்கப்பட்டதா என்றும் வினவுதல் வேண்டும். பொய்க் கவசம் பணத்தை மட்டுமன்றி, விழிப்பையும் கவர்ந்து செல்கின்றது.