பொறியில் பிறந்த சொற்கள்

இலத்தீன் மொழியிலே தீப்பொறிக்கு 'ஸ்கின்டில்லா' என்று பெயர். பேசுவோர் நாவிலே அதன் ககர டகர ஒலிகள் தம்முள் இடம் மாறின. தமிழிலே 'விசிறி' என்பது 'சிவிறி' என நின்றதை ஒத்த மாற்றமே இது. அங்ஙனம் மாறிய வடிவம் பழைய பிரெஞ்சு மொழியிற் புகுந்து, பின்னர் முன்னொலி உதிர்ந்து, ஆங்கிலத்தில் 'டின்செல்' ஆயிற்று.

டின்செல் என்றதும் நத்தார் மரத்திலே தொங்கும் மலிவான மினுக்குச் சரிகையே நினைவுக்கு வரும். ஆனால், அச்சொல் ஆங்கிலத்திற் குடியேறிய காலத்திலே அதன் மதிப்பு வேறு. பொன்னிழையோ வெள்ளியிழையோ ஊடு சென்ற உயர்ந்த துணியையே அது குறித்தது. துணி அசையுந்தோறும் பொறி பறப்பதுபோல மின்னியமையால் வந்த பெயர் அது. 1574ஆம் ஆண்டு முதலாம் எலிசபெத்து அரசி பிறப்பித்த ஆடைக் கட்டளை, டின்செல் இழையோடிய சாட்டின் அணியும் உரிமையைப் பிரபுக் குலத்தாருக்கே அளித்தது. ஏனையோர் அதனை அணிதல் குற்றம்! பொன்னுக்குப் பதிலாக மலிந்த உலோகங்கள் மின்னத் தொடங்கவே, பதினேழாம் நூற்றாண்டிலே அச்சொல் போலிப் பகட்டைக் குறிக்கலாயிற்று. சரக்கின் தரம் தாழ்ந்தது. பழியைச் சொல் சுமந்தது.

'ஸ்டென்சில்' என்பதும் இதன் உடன்பிறப்பே. பளிச்சிடும் நிறங்களால் அணிசெய்தல் என்பது அதன் முற்பொருள். வெட்டுத்தகடு பின்னர் வந்த பொருள். ரோனியோ இயந்திரத்திலே வினாத்தாள் அச்சிட உதவிய மெழுகுத்தாளின் பெயரில் ஒரு தீப்பொறி ஒளிந்திருந்ததை எத்தனை மாணவர் அறிந்திருப்பர்?

இலத்தீன் மூலச்சொல்லோ கற்றோர் வாயிலாக உருக்குலையாமல் ஆங்கிலத்தை அடைந்தது. ஒரு பொறியளவு சான்றும் இல்லை என வழக்கறிஞர் வாதிடும்போது 'சின்டில்லா' என்றே கூறுவர். அதன் வழிவந்த 'சின்டிலேஷன்' என்னும் சொல், விண்மீன்களின் சிமிட்டலுக்கும் பெயராயிற்று.

அறிவியலார் கையில் அச்சொல் மீண்டும் ஒளிப்பொறியையே குறித்தது. நாகசல்பைட்டுத் திரையிலே அல்பாத் துணிக்கைகள் மோதும்போது நுண்ணிய ஒளிப்பொறிகள் தோன்றுவதை 1903இல் வில்லியம் குரூக்ஸ் கண்டார். 1909இல் மான்செஸ்டர் நகரிலே கைகரும் மாஸ்டனும், பொன் முதலிய உலோகங்களின் மெல்லிய தகடுகள் மீது அத்துணிக்கைகளைச் செலுத்தினர். இருட்டறையிலே கண்களை இருளுக்குப் பழக்கி, நுணுக்குக்காட்டி வழியே பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். மிகச் சில துணிக்கைகள் வந்த வழியே திரும்பின. அணுவின் நடுவிலே கரு உண்டு என்று 1911இல் இரதர்போர்டு அறிவித்தது, அவ்வாறு எண்ணப்பட்ட பொறிகளைக் கொண்டே.