விலை குறைந்த திரையும் விலை உயர்ந்த திரையும்

பிள்ளையின் படிப்புக்கென்றோ, வீட்டிலிருந்து செய்யும் அலுவலுக்கென்றோ கணினித் திரை வாங்கப் புறப்படும் குடும்பம், கடையில் இருவேறு விலைகளைக் கண்டு திகைப்பது இயல்பே. மானிட்டர் என்று கடைக்காரர் கூறும் அப்பொருள்களில் அளவு ஒன்றே, கறுப்புச் சட்டமும் ஒன்றே. எனினும் ஒன்றின் விலை மற்றொன்றைப்போல் இருமடங்கு, மும்மடங்கு. இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண, திரையின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும். அவ்வரலாற்றின் சிறந்த அதிகாரம் ஒன்று பெங்களூரில், ஸ்ரீராம்புரத்துக்கு அண்மையிலேயே எழுதப்பட்டது என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி.

ஸ்ரீராம்புரம், மல்லேசுவரத்தை அடுத்த உழைப்பாளர் குடியிருப்பு. ராஜா மில் என்று மக்கள் வழங்கிய நூற்பாலை, 1884-ம் ஆண்டு இப்பகுதிக்கு அருகே தோன்றியது. நெடுங்காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்து வாழும் பகுதி இது. ஆலை நின்ற இடத்தில் இன்று பெரியதோர் வணிக மாளிகை நிற்கிறது. 2014-ம் ஆண்டு முதல் மெட்ரோ ரயிலும் ஸ்ரீராம்புரத்தில் நின்று செல்கிறது. நூல் நூற்றவர்களின் பேரப்பிள்ளைகள் கணினியின் முன் அமரும் காலம் இது.

முதலில் தோன்றியது கண்ணாடிக் குழாய்த் திரை. ஜெர்மானிய விஞ்ஞானி பிரௌன் 1897-ம் ஆண்டு அதனை அமைத்தார். 1954-ம் ஆண்டு பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ், பின்னாளில் ஜாலஹள்ளியில் டெலிவிஷன் படக்குழாய்களைச் செய்தது. கணினிக்கும் இக்குழாயே முதலில் திரையாயிற்று. 1981-ம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணினியை வெளியிட்டபோது, வாங்குவோர் முன் இரு வழிகள் இருந்தன: ஒரே நிறத்தில் எழுத்தை மட்டும் காட்டுவது ஒன்று, பல வண்ணங்களில் படமும் காட்டுவது மற்றொன்று. வண்ணம் கண்ணைக் கவர்ந்ததே தவிர, எழுத்து கூர்மையாகத் தெரிந்தது ஒற்றை நிறத் திரையில்தான். நாள் முழுதும் கணக்கெழுதுவோர் அதனையே நாடினர். இன்னது வேண்டும் என்று தெளிந்தபின் விலையை நோக்குக என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

இன்றைய தட்டைத் திரையின் வேர் 1888-ம் ஆண்டில் உள்ளது. ஆஸ்திரியத் தாவர விஞ்ஞானி ரைனிட்சர், கொலஸ்டிரால் சார்ந்த பொருள் ஒன்றைச் சூடாக்கினார். அது 145 டிகிரியில் உருகிக் கலங்கலாய் நின்றது. 178 டிகிரியில்தான் தெளிந்தது. நீர்போல் ஓடியும் படிகம்போல் ஒழுங்கு காத்தும் நிற்கும் இந்நிலையே திரவப் படிகம். அக்காலத்தில் அறியப்பட்ட திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் பெரும்பாலும் குச்சி வடிவின. மின்சாரத்தால் அக்குச்சிகளைத் திருப்பி ஒளியை விடவும் தடுக்கவும் கூடும் என்பது 1970-ஐ ஒட்டி உறுதியாயிற்று. அம்முறையில் எழுந்ததே டி.என். எனப்படும் மலிவுத் திரை. நேரே பார்த்தால் படம் தெளிவாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வெளிறும், நிறம் திரியும். இஃது அதன் பெருங்குறை.

இக்குறைக்கு மருந்து தந்த அறிவு பெங்களூரில் பிறந்தது. சர் சி. வி. இராமன் 1948-ம் ஆண்டு நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில், அவருடைய உடன்பிறந்தாளின் மகன் எஸ். சந்திரசேகர் 1971-ம் ஆண்டு முதல் திரவப் படிகங்களை ஆராய்ந்தார். குச்சிகளே அன்றி வட்டமான சில்லு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதை 1977-ம் ஆண்டு, சதாசிவா, சுரேஷ் ஆகிய இருவரோடு அவர் உலகுக்கு அறிவித்தார். நாணயங்களை அடுக்கி வைத்தாற்போல் அச்சில்லுகள் அடுக்கடுக்காய் நிற்கும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம், சில்லு வடிவ மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய படலம் ஒன்றை டி.என். திரைக்கென விற்பனைக்குக் கொணர்ந்தது. குச்சிகள் சாய்வான பார்வையில் செய்யும் பிழையைச் சில்லுகள் எதிர்த்து ஈடு செய்தன. சந்திரசேகர் 1991-ம் ஆண்டு ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சிக்கெனத் தனி மையமும் தொடங்கினார். 2004-ம் ஆண்டு மறைந்தார்.

இதற்கிடையே, 1990-களின் நடுவில் ஹிடாச்சி நிறுவனம் ஐ.பி.எஸ். என்னும் முறையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இதில் குச்சிகள் எழுந்து நில்லாமல், கண்ணாடிக்கு இணையாகவே திரும்பும். எப்பக்கம் நின்று பார்ப்பினும் நிறம் பெரிதும் மாறாது. அன்று செல்வர்க்கும் ஓவியர்க்கும் உரியதாயிருந்த அம்முறை, இன்று குறைந்த விலைத் திரையிலும் கிடைக்கிறது.

ஆயின், இன்று மிகைப்பணம் எதற்குப் போகிறது? தொழிற்சாலையிலேயே சரிபார்த்த நிறத்துக்கும், மிகுந்த புள்ளிகளுக்கும், உயர்த்தித் தாழ்த்தக் கூடிய தாங்கிக்கும் போகிறது. இவற்றுள் தமிழ் படிப்போர் முதலில் கருதவேண்டியது புள்ளிகளின் நெருக்கம். 1920-க்கு 1080 புள்ளிகளை 22 அங்குலத் திரையில் பரப்பினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளிகள் அமையும். அதையே 27 அங்குலத்தில் பரப்பினால் 82 மட்டுமே. மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் இகரத்தின் கொக்கியும் மங்கித் தெரிந்தால் படிக்கும் கண் சோர்வுறும். எனவே, பெரிய மலிவுத் திரையினும் சிறிய மலிவுத் திரையே எழுத்துக்கு நன்று. பெரிதே வேண்டுமாயின் 2560-க்கு 1440 புள்ளிகள் உடையதற்குப் பணம் கொடுத்தல் தகும். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் அமையும்.

எஸ். பி. ரோட்டுக் கடையில் நிற்கும்போது நேயர்கள் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். முதலாவதாக, ஒரு பக்கம் தமிழ் எழுத்தைத் திரையில் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். இரண்டாவதாக, பக்கவாட்டில் நகர்ந்து நிறம் மாறுகிறதா என்று நோக்குங்கள். மூன்றாவதாக, ஒளியைக் குறைத்தபின் திரை நடுங்குகிறதா என்று கவனியுங்கள். இம்மூன்றிலும் தேறிய மலிவுத் திரை மாணவனுக்கும் கணக்கருக்கும் போதும். அச்சுக்குப் படம் அமைப்போரும் நிறத்தை நம்பித் தொழில் செய்வோரும் மட்டுமே உயர்விலை கொடுத்தல் முறை. மிஞ்சிய பணத்தில் நல்ல நாற்காலி ஒன்றோ, நாலு புத்தகங்களோ வாங்கலாம். கண்ணுக்கும் கருத்துக்கும் அவை பயன் தரும்.