இண்டின்னா சத்தம் இல்லீங்க, சரக்கு வண்டி!

வெள்ளிக்கிழமை ஆனா போதும், 'இந்த வாரம் கேட்க வேண்டிய இண்டி'ன்னு ஒரு பட்டியல் என் போன்ல வந்து நிக்குது. (புதுப் பாட்டுக்கு உலகம் பூரா வெள்ளிதான்னு முடிவானது 2015 ஜூலையில.) கேட்டா மெல்லிசா ஒரு கிடார், தூங்கி எழுந்த மாதிரி ஒரு குரல். இண்டின்னா அந்த மாதிரி சத்தம்னுதான் பசங்க நினைக்கறாங்க. இதுல எனக்கு உடன்பாடே கிடையாது. யாரோட காசுல ரெக்கார்டு போட்டாங்க, யாரோட வண்டியில கடைக்குப் போச்சுங்கற கணக்குதான் ஆரம்பத்துல இண்டி.

சரி, மேட்டருக்கு வருவோம். 1976 டிசம்பர் 28, மான்செஸ்டர். பஸ்காக்ஸ்னு நாலு பசங்க. பெரிய கம்பெனி எல்லாம் லண்டன்ல. இவங்க நண்பர்கள், வீடுன்னு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, ஒரே நாள்ல நாலு பாட்டைப் பதிவு பண்ணாங்க. அடுத்த மாசம் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' வெளியாச்சு. லேபிள்? நியூ ஹார்மோன்ஸ், சொந்த லேபிள்தான். முதல்ல அடிச்சது 1000 பிரதி. கடைசியில 16,000 வித்துது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதோட அட்டை. ஒவ்வொரு பாட்டும் எத்தனாவது டேக், மேல ஏதாவது சேர்த்தாங்களான்னு அதுலயே போட்டுட்டாங்க. எங்களை மாதிரி பொட்டி தட்டறவன் பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடோட ரிலீஸ் :-)

பார்த்தவங்க சும்மா இருப்பாங்களா? அதே 1977ல டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் வெறும் 153 பவுண்டுல முதல் ரெக்கார்டை முடிச்சாங்க. சிக்கனம் எப்படின்னா, தட்டோட ரெண்டு பக்கமும் அதே ரெண்டு பாட்டு! 1978ல ஸ்கிரிட்டி பொலிட்டி இன்னும் ஒரு படி மேல. பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவுன்னு மளிகைக்கடை பில் மாதிரி அட்டையிலயே செலவுக் கணக்கு.

ரெக்கார்டு போட்டாச்சு, ஊர் ஊரா கடைக்கு யார் கொண்டு போறது? லண்டன்ல 1976ல கடையா ஆரம்பிச்ச ரஃப் டிரேட் அந்த வேலையையும் எடுத்துக்கிச்சு. 80களின் தொடக்கத்துல யார்க், பிரிஸ்டல், லிவர்பூல்னு மத்த ஊர்க் கடைகளும் சேர்ந்து 'கார்ட்டெல்'ங்கற பேர்ல ஒரு விநியோக வலை பின்னினாங்க.

1980 ஜனவரியில பிரிட்டன்ல இண்டி சார்ட் வந்தப்போ விதி ஒண்ணுதான்: பெரிய கம்பெனியோட விநியோகம் வழியா வந்திருக்கக் கூடாது. சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அதனாலதான் 1988ல பக்கா டிஸ்கோ பாட்டோட கைலி மினோக் இண்டி சார்ட்ல முதலிடம் பிடிச்சாங்க. கிடார் பசங்களுக்கு வயித்தெரிச்சல். எனக்கென்னவோ கைலி பக்கம்தான் நியாயம்னு படுது.

1991ல ரஃப் டிரேட்டோட விநியோகப் பிரிவு திவாலாச்சு. வர வேண்டிய காசு வராம பல சின்ன லேபிள்கள் தவிச்சுது. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, வண்டிதான் நின்னு போச்சு. 2009ல சார்ட் விதியையும் மாத்திட்டாங்க. இப்போ பார்க்கறது வண்டியை இல்லை, லேபிள்ல பெரிய கம்பெனிக்குப் பாதிப் பங்கு இருக்கான்னுதான்.